கையில் வேண்டாம் என்றவன்

பங்களாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எங்களுக்கான டிப்ஸைக் கொழும்பிலேயே முன்கூட்டிக் கட்டிவிட்டு வருவதா, அல்லது புறப்படும்போது எங்கள் கையில் தருவதா என்று ஒரு தடவை எங்களையே கேட்டார்கள். கொடுக்கிறவன் வாங்குகிறவனிடம் இப்படிக் கேட்டதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முன்கூட்டியே கட்டட்டும் என்று சொன்னவன் நான்.

அப்போது ஹல்துமுல்லைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டம் கைவிட்ட பங்களாவைக் கொழும்பில் இருந்த ஒருவர் குத்தகைக்கு எடுத்து, கூரையை மாற்றி, குளியலறைக்கு வெந்நீர் கொண்டுவந்து, சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாக ஆக்கியிருந்தார். சண்டை நின்று, வழியில் சோதனைச் சாவடிகள் குறைந்து, வான்கள் மலையேறத் தொடங்கியிருந்த நேரம்.

அதற்கு முந்திய பத்து வருஷத்தில் நான் ஓர் இடத்தில் ஆறு மாதம் நின்றதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தேன். வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினேன். பிரைவெட் பஸ்ஸில் வாசலைப் பிடித்துத் தொங்கி ஆள் கூப்பிட்டேன். கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் இருந்தபோது அடையாள அட்டை இல்லாத தமிழன் என்று இரண்டு முறை பிடித்துப்போனார்கள், இரண்டு முறையும் விட்டார்கள். மூன்றாவது முறைக்குக் காத்திராமல் ரயிலேறி வந்துவிட்டேன். தோட்டத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது: கால் நிற்காதவன் கையில் காசு நிற்காது. பொய்யில்லை.

பங்களாவில் வேலை வாங்கித் தந்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். எங்கள் இருவருக்கும் ஹாலிஎலைக்கு மேலே ஒரே தோட்டம். நான் நின்றுபோனேன், அவன் ஓ.எல். பரீட்சை வரை போனான், பிறகு பண்டாரவளையில் இங்கிலீஷ் வகுப்புக்கும் போனான். பங்களாவில் முன்மேசை அவனுடையது. முதலாளி மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் அவன் சொன்னதுதான் சட்டம். அவனைத் தவிர நாங்கள் மூன்று பேர். சமையலுக்கு ஒரு வயதான மனிதர். பங்களாச் சமையல்காரரை எங்கள் பக்கம் அப்பு என்போம், அவரையும் எல்லோரும் அப்பு என்றுதான் கூப்பிட்டோம். கூட்டித் துடைக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிற ஓர் அக்கா. அறைகளுக்கும் துணி துவைக்கவும் நான்.

துணி துவைப்பதற்கு என்னைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. என் அப்பா எங்கள் தோட்டத்து டோபி. அப்பா போன பிறகு அம்மா.

டோபிக்குக் கூலி வீட்டுக்கு வீடு வரவேண்டும். நான் சின்னவனாக இருந்தபோது சம்பள நாள் பின்னேரம் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக, அம்மா போவாள். ஒவ்வொரு குடும்பத்தின் ஒற்றையறைக் காம்பராவின் முன்னாலும் நிற்பாள். உள்ளே போக விடமாட்டார்கள். "என் புருசன் சட்டையில பித்தான் எங்க? அதக் குடு, காசு தாறேன்" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி அடுத்த மாதம் பார்ப்போம் என்பாள். சிலர் கையில் தரமாட்டார்கள், படியில் வைப்பார்கள். அம்மா குனிந்து எடுப்பாள். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

பிறகு தோட்ட ஆபீசுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரிய கிளாக்கர் வந்தார். அவர்தான் டோபி காசையும் முடிவெட்டுகிறவரின் காசையும் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் போட்டார். தொழிலாளியின் சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்து எங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து அம்மா ஆபீஸ் ஜன்னலில் மற்றவர்களோடு வரிசையில் நின்று கைநாட்டு வைத்துக் காசு வாங்கினாள். அந்தக் காசு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. முன்னால் பிடிக்கிற காசு வந்து சேரும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த எதையும்விட உறுதியாக நம்பினேன்.

நான் பங்களாவுக்குப் போன நாட்களில் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. துணிமூலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கறுப்பு மையில் ஒரு குறி உண்டு, புள்ளி, கோடு, பெருக்கல் என்று. அது அவளுக்குத் தெரியவில்லை. துணியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து இது இன்ன வீடு என்று பிரித்தாள். சேலைகளில் அது ஓரளவு சரிவந்தது. வெள்ளைச் சட்டைகளில் சரிவரவில்லை. கணக்கப்பிள்ளையின் சட்டையை ஒரு தொழிலாளி வீட்டில் கொடுத்துவிட, அவன் அதைப் போட்டுக்கொண்டு காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கே போய்விட்டான். தோட்டம் சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆளை வைப்போம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

முன்மேசை நண்பனையும் துணைக்கு வைத்துக்கொண்டு அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண் டாக்டரும் யாழ்ப்பாணத்துக்காரர். "ஒப்பரேஷனுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் உள்ளுக்கு வைக்கிற லென்ஸ் நீங்கள்தான் வெளியில வாங்கித் தரவேணும்" என்றார். "கனகாலம் விட்டால் பேந்து கல்லுமாதிரி இறுகிப்போகும், தம்பி. இப்ப ஒரு கண்ணைச் செய்வம்." மூன்று மாதம் தள்ளி ஒரு நாளை அட்டையில் எழுதித் தந்தார். லென்ஸின் விலை என் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு வந்தது. சம்பளம் அம்மாவின் அரிசிக்கும் என் பீடிக்கும் பஸ்ஸுக்கும் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் என்று கையில் வந்தது டிப்ஸ் மட்டும்தான்.

அந்த டிப்ஸை வாங்கும் விதம் எனக்கு ஒட்டவில்லை. வான் புறப்படும் நேரம் நானும் அப்புவும் படியோரம் நிற்போம். பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது, எங்களுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தும் நிற்போம், சிரிப்போம். வெள்ளைக்காரர்கள் பையைத் திறப்பார்கள், நாங்கள் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்ப்போம். சிலர் மறந்துபோய் ஏறிவிடுவார்கள். அப்பு வானின் கதவு வரை போய் "குட் ஜர்னி, சேர்" என்று குனிவார். அந்தக் குனிதலுக்கு எப்போதும் பலன் இருந்தது. எனக்கு அது வரவில்லை.

அப்படியான நேரத்தில்தான், சுற்றுலாக்காரர்களை எங்களிடம் அனுப்புகிற கொழும்பு ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்தது. பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம், நண்பன் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தான்.

"கப்பல்ல வர்ற ஆளுங்க" என்றான். "கொழும்புல எறங்கி பத்து நாள் சுத்திட்டு மறுபடி கப்பலேறுவாங்க. கப்பல்ல டிப்ஸ டிக்கட் எடுக்கிறப்பவே கட்டிருவாங்களாம். அப்புறம் யாருக்கு எவ்வளவுன்னு தலைய ஒடைக்க வேண்டியதில்ல. இங்கயும் அப்படிச் செய்யலாமா, இல்ல கையில குடுக்கவான்னு கேக்குறாங்க. ரெண்டுல ஒண்ண சொல்லணும்."

அப்பு வெங்காயத்திலிருந்து தலையெடுக்கவில்லை. "கையில குடுத்தா அவங்களுக்குக் கை வலிக்குதாமா?"

"என்னைய எவன் பாக்குறான்?" என்றாள் அக்கா. "நான் கூட்டுறப்ப அவங்க தூங்குறாங்க. அவங்க எந்திரிச்சா நான் தோட்டத்துப் பக்கம். மொத்தமா வந்தா எனக்கும் ஒரு பங்கு கெடைக்கும்."

"பங்குதான் தாயி. பங்க வெட்டுறது யாரு?"

"நான்தான்" என்றான் நண்பன். "கவர் என் கையில வரும். நாலு பேர் முன்னால பிரிச்சு நாலு சமமா. நான் பொறுப்பு." பிறகு என்னைப் பார்த்தான். "இவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். நீ சொல்லு மச்சான். ரூம் ஒன்னோடது, கையில வாங்குனா ஒனக்குத்தான் கூடக் கெடைக்கும். நாளைக்கு என்னைய கொற சொல்லக் கூடாது."

"பிடிச்சே குடுக்கட்டும்" என்றேன்.

அப்பு கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்டா, இத செக்ரோல்னு நெனச்சியா? செக்ரோல்ல நாலு பேரு கையெழுத்து இருக்கு, தொரை பாக்குறாரு, சங்கம் பாக்குது. இங்க எவன் பாக்குறான்?"

"நான் பாக்குறேன்ல?" என்றான் நண்பன்.

"அதத்தான் கேட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். நண்பனும் சிரித்தான். அம்மாவின் கண்ணுக்காகத்தான் சேர்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியும், அட்டையில் இருந்த நாளும் தெரியும். இங்கிலீஷில் இருந்த அதை வாசித்துச் சொன்னவனே அவன்தான்.

அன்றைக்கே ஏஜென்சிக்குப் பதில் போயிற்று. இனி யாரும் கையில் வாங்கக் கூடாது என்று அவன் ஒரு சட்டம் போட்டான். ஒரே வேலைக்கு இரண்டு தரம் காசு பிடுங்குகிறோம் என்று ஏஜென்சி நினைத்துவிடும் என்றான். சரியாகத்தான் பட்டது.

முதல் குழு வந்தது. பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் வயது போயிருந்தது. என் அறைகளில் ஒன்றில் ஒரு கிழவி தனியாக இருந்தாள். தன் உடுப்பையெல்லாம் துவைக்கப் போட்டாள், துவைத்துக் கொடுத்ததை முகத்தோடு வைத்துப் பார்த்து "வொண்டஃபுல்" என்றாள். துணியை மோந்து பார்க்கிற இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் புறப்பட்ட காலை அறையைத் தூசி தட்டப் போனபோது தலையணைக்கடியில் டாலர் நோட்டு ஒன்று இருந்தது. சின்ன நோட்டல்ல.

மறந்து வைத்துவிட்டாள் என்று நினைக்கவில்லை. எனக்கென்றுதான் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அதனால்தான் ஓடினேன். வான் புறப்பட்டுவிட்டது, வளைவில் ஒரு மாட்டுக்காக நின்றிருந்தது. பக்கக் கண்ணாடியைத் தட்டி நோட்டை நீட்டினேன். "ஆல்ரெடி பே, மேடம். கொழும்பு பே" என்றேன். அவள் தலையை ஆட்டி நோட்டை என் பக்கம் தள்ளினாள். நான் அவள் மடியில் வைத்தேன். அவள் ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. அதற்குள் நண்பன் வந்துவிட்டான். அவளோடு நிறையப் பேசினான். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் அவளிடம் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திரும்பி நடக்கும்போது, "ஒன்ன மாதிரி ஆள் இந்த உலகத்துல இல்ல மச்சான்" என்றான். புகழ்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான்கு குழுக்கள் வந்தன. வான் புறப்படும்போது நான் படிக்குப் போவதில்லை. துணி காயப்போடும் கம்பியடியில் நின்று கேட்பேன், வான் சத்தம் ரோட்டோடு கலக்கும் வரை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. முதல் மாதம் கவர் வரவில்லை. கேட்டதற்கு, ஏஜென்சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துத்தான் அனுப்பும் என்றான் நண்பன். அட்டையிலுள்ள நாளும் அதையொட்டித்தான் வருகிறது, நல்லதுதான் என்று எண்ணினேன். என் கையில் வந்திருந்தால் எங்கேயாவது போயிருக்கும். அங்கே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் வான் டிரைவரின் சட்டையைக் கொடுக்கப் போனேன். கொழும்புக்காரர், சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். கவரைப் பற்றி ஏஜென்சியில் ஏதாவது சொன்னார்களா என்று சும்மாதான் கேட்டேன்.

"எந்தக் கவர்?" என்றார். "டிப்ஸ் கவரா? நான்தானே கொண்டாந்து குடுக்குறது. ஒவ்வொரு குரூப்போடயும் ஒரு கவர். அவர் சைன் பண்ணித்தானே எடுத்தார்."

"அஞ்சு தரமுமா?"

"அஞ்சு தரமும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, தம்பி என்பதைச் சிங்களத்தில், "ஐயோ, மல்லி" என்றார். சட்டைக்கான காசை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்.

நண்பன் முன்மேசையில் இருந்தான். நேரே போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. மறுப்பான், அப்போது சத்தம் போடலாம் என்று வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், அதெல்லாம் வீணாயிற்று. மேசை லாச்சியைத் திறந்து ஒரு பைலை எடுத்து என் முன்னால் வைத்தான். புதுப் பாஸ்போர்ட். மெடிக்கல் ரிப்போர்ட். கொழும்பில் ஆள் அனுப்புகிற ஒரு இடத்தின் ரசீது.

"கப்பல்ல ரூம் வேல" என்றான். "அந்தாளுங்ககிட்ட விசாரிச்சு விசாரிச்சுத்தான் வழி புடிச்சேன். காசு கட்டாம ஒண்ணும் நடக்காது. கடன்னு நெனச்சுக்க. போயி மூணு மாசத்துல அனுப்பிருவேன்."

"அம்மாவுக்கு நாள் ரெண்டு கெழமைல."

"வேற நாள் வாங்கலாம்."

"கல்லாயிரும்னு டாக்டர் சொன்னாரு. நீ கூட இருந்த."

"கண்ணு எங்கயும் போயிறாது மச்சான்" என்றான். "கப்பல் போயிரும்."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்குப் புரியும் என்று நினைத்துத்தான் சொன்னான். தோட்டத்தைவிட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே பேச்சு. நான் நடந்து நடந்து பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் சுற்றினேன், அவனுக்கு வழி கிடைத்துவிட்டது. அப்புறம் இன்னொன்றும் சொன்னான். "நீதான கையில வேணாம்ன? நோட்ட திருப்பிக் குடுக்க ஓடுனவன் நீ. நான் தள்ளிவிட்டேனா?"

அடிக்க வேண்டும் என்று கை எழுந்தது. பைலிலிருந்த தாள்கள் கலைந்து விழுந்ததுதான் மிச்சம். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான்.

சமையலறையில் போய்ச் சொன்னேன். அக்கா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். அப்பு அடுப்பைப் பார்த்தபடி, "நான் சொன்னேனா இல்லையா" என்றார்.

"நம்ம மூணு பேர் காசையும் எடுத்துட்டான், நீங்க சொன்னத நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. வாங்க, மொதலாளிக்குப் போன் பண்ணுவோம்."

இரண்டு பேரும் எழும்பவில்லை. அக்கா தரையைப் பார்த்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

"போன் பண்ணா மொதலாளி எல்லாத்தையும் விசாரிப்பாரு" என்றார் அப்பு. "நான் கையில வாங்கிட்டுத்தான்டா இருந்தேன். அவன் சட்டம் போட்டா? சமையலறப் பக்கம் வந்து ரெசிப்பி கேட்பாங்க, குடுப்பாங்க. வேணாம்னா சொல்வேன்?"

"நீயுமா அக்கா?"

"பாத்ரூம்ல வைப்பாங்க, தம்பி" என்றாள். "சோப்புக்கு அடியில. எனக்குன்னு ஒரு சீட்டும் எழுதி. மொத தரம் நான் ஒங்கிட்ட காட்டத்தான் எடுத்தேன். நீ அந்தக் கெழவி பின்னால ஓடுறத பாத்தேனா, காட்டல."

அவன் திருடினான், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. இவர்கள் திருடவில்லை, கொடுத்ததை வாங்கினார்கள். ஆனால் இத்தனை நாளாக என்னோடு ஒரே மேசையில் சோறு தின்றுகொண்டு, நான் மட்டும் கை கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது, "டேய், முட்டாளே, வாங்கிக்கடா" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னேன்.

"சொன்னா நீ அவன்கிட்ட சொல்லிருவ" என்றார் அப்பு. "அவன்கிட்ட ஒனக்கு அம்புட்டு நம்பிக்க."

அதுவும் உண்மை. சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை அப்பு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். லென்ஸுக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். எண்ணித் தந்தார். "இது சும்மா இல்ல. சம்பளத்துல மாசா மாசம் தந்துறணும். தந்து முடியிற வரைக்கும் இங்கதான் இருக்கணும். நீ ஓடுற ஆளு, அதான் சொல்றேன்" என்றார். நான் ஓடவில்லை. கடைசிக் காசும் கொடுத்து முடிக்கிற வரை ஒன்பது மாதம் அங்கே இருந்தேன். என் வாழ்க்கையில் ஓர் இடத்தில் அத்தனை நாள் இருந்தது அதுதான் முதல் தரம்.

நண்பன் அந்த வாரமே போய்விட்டான். முதலாளியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அப்புவும் அக்காவும் மாட்டுவார்கள், அப்புவின் காசு என் பையில் இருந்தது.

சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். காம்பராவுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, "அந்தக் காசு கொண்டாந்தியா?" என்றாள்.

"எந்தக் காசு?"

"கண்ணுக்கு அவன் குடுத்த காசு. பயணம் சொல்லிட்டுப் போக வந்தானே. 'அம்மா, லென்சுக்கு மகன் கையில குடுத்திருக்கேன், பயப்படாம ஆஸ்பத்திரிக்கிப் போங்க'ன்னு சொன்னான். அவன் ஆத்தாவும் கூட நின்னுச்சு."

நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், கவர், டிரைவர், பாஸ்போர்ட், பிஸ்கட் டின். ஒன்றையும் விடவில்லை. அம்மா என் குரல் வந்த பக்கம் முகத்தை வைத்துக் கேட்டாள். முடித்ததும், "எவ்வளவு செலவழிச்ச?" என்றாள்.

"என்னது?"

"அவன் குடுத்ததுல. எவ்வளவு போச்சு? திட்ட மாட்டேன், சொல்லு."

"ஒரு சதம் குடுக்கலம்மா அவன். எடுத்தான்."

"அவன் அப்படிச் செய்ய மாட்டான்டா" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். "இந்தத் தோட்டத்துல நம்ம வீட்டுக்குள்ள வந்து, நம்ம டம்ளர்ல, ஒரு வாய் தண்ணி குடிச்ச ஒரே புள்ள அவன். பத்து வயசுல. அவன் ஆத்தா அடிச்ச அடி எனக்குத் தெரியும். மறுநாளும் வந்து குடிச்சான்."

அதுவும் நடந்ததுதான். அப்புவின் காசை எடுத்து அவள் கையில் வைத்தேன். நோட்டுகளைத் தடவிப் பார்த்தாள். "பரவால்ல, முழுசா வச்சிருக்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில் கண் செய்தார்கள். நல்லபடியாக நடந்தது. கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி கொடுத்து, சொட்டு மருந்து எழுதித் தந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் அம்மா ஒவ்வொரு கடைப் பலகையையும் நின்று பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள். என்றாலும் எல்லாப் பலகையையும் பார்த்தாள். தபால் கந்தோர் வந்ததும் நின்றுவிட்டாள். சேலை முந்தானையில் முடிந்திருந்த ஒரு சீட்டை எடுத்தாள். நண்பனின் அம்மா கொடுத்த கப்பல் விலாசம்.

"ஒரு காயிதம் போடணும் அவனுக்கு. எழுது."

வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏரோகிராம் தாள் ஒன்று வாங்கினேன். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அவள் சொன்னது நான்கு விஷயம். கண் தெரிகிறது. உன் புண்ணியம். கடலில் கவனமாக இரு. உன் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அதற்குக் கீழே நானாக ஒரு வரி எழுதினேன்: லென்ஸுக்குக் காசு தந்தது அப்பு, நீ கொண்டுபோனது என்னுடையது, அம்மாவிடம் நீயே உண்மையை எழுது.

மடிக்கப் போகும்போது அம்மா கையை நீட்டினாள். தாளை வாங்கி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் மேலிருந்து கீழே வந்தாள்.

"நான் சொன்னது நாலு" என்றாள். "கீழ என்ன?"

"நான் எழுதுனது."

"வாசி."

வாசித்தேன். பக்கத்தில் முத்திரை ஒட்டிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். அம்மா தாளை என்னிடம் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத அனுப்ப வேணாம். வேற வாங்கிட்டு வா."

"நான் பொய் சொல்றேன்னு நெனக்கிறியாம்மா?"

"பொய்யின்னு சொன்னேனா நான்?" கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "அவன் குடுத்தான்னு தோட்டம் பூரா சொல்லியிருக்கு அவன் ஆத்தா. இப்ப என்னைய அந்த வீட்டு வாசல் இஸ்தோப்புல ஒக்கார வச்சு, அவங்க கப்புல டீ குடுக்குறாங்க. ரெண்டு தரம் குடிச்சாச்சு. அத கெடுக்காத. போ, வேற வாங்கிட்டு வா. நான் சொன்னத மட்டும் எழுது."

நான் எழும்பிப் போய் ஜன்னலில் வரிசையில் நின்று இன்னொரு ஏரோகிராம் வாங்கினேன்.